நீ எழுதிய வரிகளை அழித்தவர்

என் செல்லச் சுகந்திக்கு,

இத்தனை நாளும் நான் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. வெறும் கண்ணீரை எழுதி அனுப்ப எனக்கு மனமில்லை. உன்னிடம் சொல்லும்படியாக ஏதாவது நடக்கட்டும், பிறகு எழுதலாம் என்றிருந்தேன். இப்போது நடந்துவிட்டது. நடக்கவைத்தேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று யார் யார் வந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. நம் மேலாளர் முரளிதரன் வந்தார். பெரிய ரோஜா மாலை. அதை உன் காலடியில் வைத்துவிட்டு, உன் அம்மாவின் பக்கம் திரும்பி, பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "நல்ல பொண்ணும்மா. வேலையிலதான் கொஞ்சம் கவனக்குறைவு. மத்தபடி தங்கம்."

உன் அம்மா அதற்கும் கை கூப்பினார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துக் கிடப்பவளின் முன்னால் நின்றுகொண்டு ஒருவருக்கு இப்படிச் சொல்ல வாய் வருமா? அவருக்கு வந்தது. இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே நான் கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

தஞ்சாவூரில் வலைத்தளங்கள் செய்துகொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நீ மன்னார்குடிக்கு அப்பால் உன் ஊரிலிருந்து பஸ் ஏறி வருவாய். நான் வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரி, விடுதியில் தங்கியிருந்தேன். மதியச் சாப்பாட்டின்போது மற்ற பெண்கள் சீரியல் பேசுவார்கள். நாம் இருவரும் ஃப்ளோட்டா, ஃப்ளெக்ஸ்பாக்ஸா, கிரிட்டா என்று சண்டை போடுவோம். பக்கத்து மேசைக்காரர்கள் இதுகளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

வெளியாளுக்குப் புரியும்படி சொன்னால் இதுதான். ஒரு வலைப்பக்கத்தில் படம் எங்கே, எழுத்து எங்கே, பட்டன் எங்கே என்று இடம் ஒதுக்குவதை சி.எஸ்.எஸ். என்ற மொழியில் எழுதுவோம். அதில் ஃப்ளோட் பழைய முறை. பெட்டிகளை இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி நிற்கச் சொல்லி, அளவு பார்த்துப் பார்த்து அடுக்க வேண்டும். கிரிட் புது முறை. பக்கத்தையே குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்து, இது இந்தக் கட்டத்தில், அது அந்தக் கட்டத்தில் என்று சொல்லிவிடலாம். எழுத சுகம், பார்க்க அழகு. ஆனால் அந்த நாளில் பழைய போன்களில் இருந்த பிரவுசர்களுக்கு கிரிட் என்றால் என்னவென்றே தெரியாது. நான் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் கட்சி. நடுவில் வந்த முறை, பாதிப் போன்களுக்குப் புரியும். நீ எந்தக் கட்சியிலும் சேரமாட்டாய்.

"எது அழகுன்னு கேக்காதடி. யாரு போன்ல தொறக்கப் போறாங்கன்னு கேளு" என்பாய்.

அப்போதுதான் வசந்தா அம்மாவின் வேலை வந்தது. மன்னார்குடியில் நெல் அறுவடை இயந்திரங்கள் வைத்து வாடகைக்கு விடுபவர். ஈர வயலில் இறங்கும் பெல்ட் வண்டிகளும் அவரிடம் இருந்தன. அறுப்புக் காலத்தில் போன் மணி ஓயாததால், விவசாயிகள் தாங்களே வண்டி கேட்டுப் பதிவு செய்ய ஒரு பக்கம் வேண்டும் என்றார். அதை உன்னிடம் கொடுத்தார்கள். பட்டனில் 'முன்பதிவு செய்க' என்று எழுதச் சொன்னார் முரளிதரன். நீ 'மிஷின் வேணும்' என்று எழுதினாய்.

அந்தப் பக்கத்தை நீ எழுதிய விதம் எனக்கு இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் ஃப்ளோட்டில் அடுக்கினாய். எந்தப் போனிலும் திறக்கும், பக்கம் நீளமாக வரும், விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால் பட்டன் இருக்கும். அதற்குக் கீழே ஒரு நிபந்தனை. இந்த பிரவுசருக்கு கிரிட் புரியுமென்றால் மட்டும் இனி வரும் வரிகளை எடுத்துக்கொள் என்று. அந்த வரிகளுக்குள்தான் புதுப் போன்களுக்கான அழகெல்லாம். பக்கம் திரையின் உயரத்துக்குள் கச்சிதமாக அடங்க வேண்டும், மிஞ்சுவதை வெட்டிவிட வேண்டும், பட்டன் அடியில் வந்து உட்கார வேண்டும். புரியாத பிரவுசர் அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். யாருக்கும் எதுவும் குறையாது. உன் அம்மாவின் விரிசல் விழுந்த போனை ஒருநாள் இரவல் வாங்கி வந்து, அதில் திறந்து பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததென்று சொன்னாய்.

முரளிதரன் அதைப் பார்த்துவிட்டு, "ஒரே பக்கத்த ரெண்டு தடவ எழுதி வச்சிருக்கியே, என்ன குப்பை இது" என்றார். நீ விளக்கினாய். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு பெங்களூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். வந்த சூட்டில், நீ விடுப்பில் இருந்த நாளில், உன் கோப்பைத் திறந்து சுத்தம் செய்தார். ஃப்ளோட் வரிகளை எல்லாம் அழித்தார். நிபந்தனையையும் எடுத்துவிட்டார். திரைக்குள் அடங்கு, மிஞ்சியதை வெட்டு என்பது இப்போது எல்லாப் போனுக்கும் பொதுவாகிவிட்டது. கிரிட் புரிந்த போன்களில் பக்கம் பளிச்சென்று இருந்தது. புரியாத போன்களில் இயந்திரத்தின் படம் திரை முழுக்க நிறைந்துகொண்டது. பட்டன் அதற்குக் கீழே, வெட்டுப்பட்ட பகுதியில் போய் மாட்டிக்கொண்டது. விரலால் தள்ளினாலும் பக்கம் நகராது.

அந்தத் தை மாதம் மழை பெய்தது. சம்பா முற்றி நிற்கிறது, வயலில் தண்ணீர் ஏறுகிறது, பெல்ட் வண்டி இல்லாமல் இறங்க முடியாது. புதுப் போன் வைத்திருந்தவர்கள் பதிவு செய்தார்கள், வண்டி போயிற்று. பழைய போன் வைத்திருந்தவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தா அம்மாவின் போனும் கிடைக்காமல், வண்டி காலியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நெல் சாய்ந்தது. சாய்ந்த கதிரிலேயே முளைவிட்டது. உன் அம்மா குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்த வயலும் அதில் ஒன்று.

"பட்டனே இல்லையேடி சுகந்தி" என்று அவர்தான் உனக்கு முதலில் போன் செய்து சொன்னார்.

நான் அப்போது ஊரில் இருந்தேன். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை. நீ போனில் சொல்லித்தான் மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். வசந்தா அம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். நாலு ஊர் சனம் என்னைத் திட்டுகிறது, யார் செய்தது இது என்று கேட்டார். முரளிதரன் எல்லோர் முன்னாலும் உன்னைக் கை காட்டினார். "இந்தப் பொண்ணு பண்ணுனதுங்க. சொன்னா கேக்காது. வயக்காட்டுலேருந்து நேரா கம்ப்யூட்டருக்கு வந்தா இப்படித்தான்."

"நான் எழுதுனத சார் அழிச்சிட்டாரு" என்று நீ சொன்னாய். யார் நம்பினார்கள்? பழைய பிரதியை எடுத்து வைக்கும் வழக்கமே அங்கே கிடையாது. புதுக் கோப்பை ஏற்றினால் பழையது போய்விடும். உன்னிடம் இருந்தது உன் வாய்ச்சொல் மட்டும். அன்றைக்கே உன்னை வெளியே அனுப்பினார்கள்.

தஞ்சாவூரில் வேறு எங்கே வேலை கேட்டுப் போனாலும் அவர் உனக்கு முன்னால் போன் செய்து சொல்லிவைத்திருந்தார். ஊரில் அதைவிட மோசம். உன் தெருவிலேயே, "இவ போட்ட கம்ப்யூட்டராலதான் நம்ம நெல்லு போச்சு" என்றார்கள். அந்த ஐப்பசியில் காய்ச்சலென்று படுத்தவள் நீ எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோயிற்று. அது எனக்குத் தெரியும், அந்தப் பழியை நான் அவர் மேல் போடமாட்டேன். ஆனால் நீ குற்றவாளி என்ற பெயரோடு போனாயே, அது அவர் போட்டது. அதற்குத்தான் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது.

என் அம்மா மன்னித்துவிடு என்றார். மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனார். ஜெபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற வரி வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். மாதாவிடம் பொய் சொல்லக் கூடாது இல்லையா? பக்கத்தில் நின்ற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த வேலையை விட்டேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, தனியாகத் தளங்கள் செய்ய ஆரம்பித்தேன். கல்லூரிகளில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள், போனேன். முரளிதரனை எங்கே பார்த்தாலும் சிரித்து வணக்கம் சொன்னேன். அவர்தான் அழித்தார் என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஆளிடம் ஒரு பலவீனம் இருந்தது. புதுமை என்றால் தான்தான் என்று பேசாமல் அவரால் இருக்க முடியாது. ஆள் கூட்டமும் மைக்கும் கொடுத்தால் எதையும் சொல்லிவிடுவார். நீயே எத்தனை முறை நடித்துக் காட்டியிருக்கிறாய்.

இந்த வருடம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வலைப்பக்க வடிவமைப்பு பற்றி ஒருநாள் பயிலரங்கு நடத்தித்தரச் சொன்னார்கள். சிறப்புப் பேச்சாளராக நான் முரளிதரன் பெயரைச் சொன்னேன். தலைப்பையும் நானே கொடுத்தேன்: எந்த பிரவுசருக்கு எந்த முறை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நல்ல சாய்ஸ் ஜெசிந்தா, பசங்களுக்கு இதெல்லாம் யாரும் தைரியமா சொல்றதில்ல" என்றார்.

பிறகு வசந்தா அம்மாவையும் அதற்குக் கூப்பிட அவர் வீட்டுக்குப் போனேன்.

"வெப்சைட்டா? அத நெனச்சாலே வயிறு எரியுது ஜெசி. இப்பல்லாம் நான் போன்ல மட்டும்தான் புக்கிங் எடுக்குறேன்" என்றார்.

"அதனாலதாம்மா வாங்கன்னு கூப்புடுறேன். பின்னாடி உக்காந்து கேட்டா போதும். பேச்சு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வாங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. வருகிறேன் என்றார்.

அரங்கு நிறைந்திருந்தது. முரளிதரன் மேடையில் நடந்துகொண்டே பேசினார். பழைய பிரவுசருக்காக அழுகிறவர்கள் முன்னேற மாட்டார்கள் என்றார். ஃப்ளோட்டில் இன்னும் பக்கம் அமைப்பவர்களைக் கேலி செய்தார், பையன்கள் சிரித்தார்கள். வசந்தா அம்மா பின்கதவு வழியாக வந்து கடைசி வரிசையில் பேராசிரியைகளோடு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். முரளிதரன் பார்க்கவில்லை.

"யாரு கோடு எங்கிட்ட வந்தாலும் நான் மொதல்ல செய்ற வேலை, இந்த மாதிரிப் பழைய வரிய பூரா தூக்கிப் போடுறதுதான். கிளீன் பண்ணிட்டுத்தான் மத்தது" என்றார்.

நான் எழுந்தேன். "சார், நம்ம ஆபீஸ்ல மிஷின் புக்கிங் பக்கம் ஒண்ணு இருந்துச்சே. அதுலகூட ஃப்ளோட், கிரிட் ரெண்டும் இருந்துச்சு. அதையும் நீங்கதான் கிளீன் பண்ணீங்களா?"

"பின்ன? ஒரே பக்கத்த ரெண்டு தடவ எழுதி வச்சிருந்துச்சு அந்தப் பொண்ணு. நான்தான் பாதிய தூக்குனேன். அப்புறம்தான் அது பக்கம் மாதிரியே இருந்துச்சு."

சொல்லிவிட்டார், சுகந்தி. மைக்கில் சொல்லிவிட்டார்.

பழைய போன் ஒன்றை நான் தேடி வாங்கி வைத்திருந்தேன். உன் பக்கத்தை நினைவிலிருந்து அப்படியே எழுதியும் வைத்திருந்தேன். போனைத் திரையில் இணைத்துத் திறந்தேன். பக்கத்தைத் தள்ளினேன், 'மிஷின் வேணும்' பட்டன் வந்தது. அவர் தூக்கினேன் என்ற வரிகளை, அந்த நிபந்தனையோடு சேர்த்து, எல்லோரும் பார்க்கத் தூக்கிவிட்டு மறுபடி திறந்தேன். படம் மட்டும் நின்றது. தள்ளினேன். நகரவில்லை. இன்னொரு முறை தள்ளினேன். அரங்கில் யாரும் சிரிக்கவில்லை, அங்கிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்.

கடைசி வரிசையிலிருந்து வசந்தா அம்மா எழுந்து நடந்து வந்தார். அவரைப் பார்த்ததும் முரளிதரனின் கையிலிருந்த மைக் இறங்கியது.

"அந்தப் பொண்ணு என் முன்னாடி நின்னு அழுதுச்சுங்க. நான் அவள நம்பல. உங்கள நம்புனேன்" என்றார் வசந்தா அம்மா.

"மேடம், அது டெக்னிக்கலா பாத்தீங்கன்னா..."

"டெக்னிக்கலா வேணாம். அழிச்சது நீங்களா, அவளா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் மைக்கை மேசையில் வைத்தார். பையன்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ மன்னார்குடி வாட்ஸப் குழுக்கள் முழுக்கப் போய்விட்டது. உங்கள் ஊர்க் குழுவிலும் வந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கழன்றார்கள். கடைசியில் நிறுவன முதலாளி அவரைப் போகச் சொல்லிவிட்டார். வேறு எங்கே போய் வேலை கேட்டாலும் அந்த வீடியோ அவருக்கு முன்னால் போய் நின்றது. நீ வேலை தேடி அலைந்தபோது உனக்கு நடந்ததேதான். அதை நினைத்து எனக்கு ஒரு துளி வருத்தமும் வரவில்லை. வர வேண்டுமா?

அவர் என் அறைக்கு வந்தார். இளைத்திருந்தார்.

"இப்ப பாருங்க ஜெசிந்தா, எல்லா பிரவுசருக்கும் கிரிட் புரியுது. ஃப்ளோட்ல யாரு லேஅவுட் போடுறா? நீங்களே போடுறதில்ல. அப்ப நான் செஞ்சது தப்பா?"

அது உண்மைதான், சுகந்தி. உனக்கு அதையும் சொல்ல வேண்டும். இப்போது நான் கிரிட்டில்தான் எழுதுகிறேன். நீ இரண்டு முறை எழுதிய இடத்தில் ஒரே முறை எழுதினால் போதும், உன் ஊரில் கடைசியாக வாங்கிய மலிவுப் போன்கூட அதைப் புரிந்துகொள்கிறது. நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் மாறியிருப்பாய்.

"இன்னைக்கு சரி சார். அன்னைக்கு அறுப்பு நேரம்" என்றேன்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

"சுகந்தி அம்மாவுக்கும் இருந்தா."

"உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார். நான் இதற்குப் பதிலை நீ போன நாளிலிருந்து வைத்திருந்தேன். உங்கள் தெருவில், உன் அம்மாவின் வாசலில் நின்று, நடந்ததை வாயால் சொல்ல வேண்டும் என்றேன். அப்படிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவராக அப்படி நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பாமணியாற்றுப் பாலம் தாண்டி அவர் கார் முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். தெருவுக்கு முன்பே தகவல் போய்விட்டது. உன்னைப் பேசியவர்கள் எல்லாம் அவரவர் வாசலில் நின்றார்கள். கரன்ட் ரீடிங் எடுக்க வருபவரைக்கூடத் தண்ணீர் குடிக்காமல் அனுப்பாத உன் அம்மா, அவரை வாங்க என்று சொல்லவில்லை. படியில் நின்றார். முரளிதரன் கீழே வெயிலில் நின்றார்.

"அந்தப் பக்கத்துல தப்பு பண்ணுனது சுகந்தி இல்லம்மா. நான்தான்" என்று ஆரம்பித்தார்.

"சத்தமா சொல்லுங்க சார். எதிர் வீட்டுக்குக் கேக்கல" என்றேன்.

அவர் சத்தமாகச் சொன்னார். அழித்தது, பழியைப் போட்டது, வேலை கிடைக்காமல் செய்தது எல்லாவற்றையும். எதிர் வீட்டு வாசலில் நின்ற ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இத அவ உசுரோட இருக்கையில ஒரு தடவ போன் பண்ணி அவகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

உன் அம்மா கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு என்னை மட்டும், "ஜெசி, உள்ள வா" என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததேயில்லை.

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அழவில்லை. கார் கிளம்பும் சத்தம் அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போய்ட்டானா?"

"போய்ட்டாரும்மா."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு? கண்ணாடி போடாம போய்ட்டேன். எனக்கு சரியா தெரியல."

நான் சொன்னேன். உதடு காய்ந்திருந்ததை, கண் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையிலேயே கிடந்ததை, கழுத்தில் வியர்வை வழிந்தும் அவர் துடைக்காமல் நின்றதை. அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். மன்னிக்கும் வேலையை யாராவது நல்லவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், சுகந்தி. அம்மா கேட்கும்போதெல்லாம் நான் போய் உட்கார்ந்து அந்த முகத்தைச் சொல்லுவேன், ஒரு வியர்வைத் துளியைக்கூட விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகளாகிவிட்ட,
உன் ஜெசிந்தா